மூலங் காணாச் சோதனை

நல்லூர்த் தேர்த்திருவிழா நாளை அறிவிக்குஞ் செயலியொன்றை மாணவனொருவன் தன் கைத்தொலைபேசியில் எமக்குக் காட்டினான். “தேர்” என்னுஞ் சொல்லின் இரட்டைக் கொம்பு தகரத்தை விட்டகன்று ரகரத்தின் முன்னே போய் நின்றது. “இதனை எவருஞ் சோதிக்கவில்லையா?” என வினவினோம். “இயந்திரம் சோதித்திருக்கும், சேர்” என்றான். அவ்விடையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

செயலியின் மூலநிரலைப் பாராது, இயந்திரத்தைக் கொண்டு திரையைத் தொடுவித்தும் எழுதுவித்தும் சோதிக்கும் முறை இக்காலத்துப் பெருவழக்காயுள்ளது. மாணவனின் மூளையைத் திறந்து பாராமல் விடைத்தாளைக் கொண்டே புள்ளியிடும் எமக்கு இது புதிதன்று. 2012 இல் இலண்டனிற் கூடிய செலினியம் மாநாட்டிலே டான் குவெல்லார் என்பார் காட்டிய கருவி பின்னர் அப்பியம் எனப் பெயர் பெற்றது. சோதனையின் பொருட்டுச் செயலியைத் திருத்துதலோ மீளத் தொகுத்தலோ ஆகாதென்பது அதன் கொள்கை. நேரிய கொள்கையே. சோதிக்கப்பட்டதும் மக்கள் கைக்கு வருவதும் ஒன்றாய் இருத்தல் வேண்டுமன்றோ?

குறை வேறிடத்தில் உளது. பார்வையற்றோர்க்குத் திரையை வாசித்துக் காட்டுதற்கென அமைந்த வழியினூடாகவே இத்தகைய கருவி பெரும்பாலும் திரையை அறிகின்றது. (பெயரிடப்படாத பொத்தான் அவர்க்கும் இடர், கருவிக்கும் இடர், இதனைச் சோதனை வெளிப்படுத்துவதும் நன்மையே.) அவ்வழியிற் கிடைப்பது எழுத்துக்களின் குறியெண் வரிசை, கண் காணும் வடிவமன்று. யுனிக்கோட்டிலே கொம்பு மெய்யின் பின்னரே பதியப்படும். வரையும்பொழுதுதான் முன்னே கொணரப்படும். வரையும் பகுதி இதனைச் செய்யத் தவறினும் குறியெண் வரிசை பிழையற்றதாகவே இருக்கும். இயந்திரம் “சரி” என்று புள்ளியிட்டு அப்பாற் செல்லும். மறுதலையாக, “கொடி” என்பதன் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். கொம்பும் காலுமாகப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றை ஒருநிலைப்படுத்தாது ஒப்பிடும் சோதனையோ “பிழை” என்னும். சரியைப் பிழையென்றும் பிழையைச் சரியென்றுஞ் சொல்லும் பரீட்சகரை எக்கல்லூரி வைத்திருக்கும்?

திரையைப் படம்பிடித்து ஒப்பிடும் முறையும் உண்டு என்பர். உண்மையே. ஆயினும், ஒப்பிடுதற்குரிய முதற்படம் சரியானதென ஒருவர் பார்த்து உடன்படல் வேண்டும். அவர் தமிழறியாதவராயின், இடம்மாறிய கொம்பே என்றும் அளவுகோலாகிவிடும்.

ஆதலின், இத்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்க்கு நாம் சொல்லுவது இது: முதற்படத்தைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் கண்ணுக்குக் காட்டாமல் ஏற்காதீர்கள். “தமிழ் கற்று என்ன தொழில்?” என்று பெற்றோர் எம்மிடம் கேட்பதுண்டு, இஃதும் ஒரு தொழிலே. சோதனைக்குரிய சொற்பட்டியலொன்றை எம் வகுப்பிலே தொடங்கியுள்ளோம். தேர், கொடி, ஸ்ரீ, ளகரத்தை இட்டுப் பலரும் பிழைபட அச்சிடும் கௌரி எனப் பதினொரு சொற்கள் இதுகாறுஞ் சேர்ந்துள. செயலிகளில் உருக்குலையக் கண்ட பிற சொற்களைப் பழைய மாணவர் கல்லூரி முகவரிக்கு எழுதியனுப்புவாராக.