உறைவிடக் கலைஞரும் ஊர் திரும்பும் உரிமையும்

பசிபிக் தீவுகளின் ஓவியர்களையும் சிற்பிகளையும் அழைத்துச் சில மாதங்கள் தங்கவைத்து, பட்டறையும் உதவித்தொகையும் தரும் ‘உறைவிடக் கலைஞர்’ திட்டங்கள் நியூசிலாந்தில் உண்டு. கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் மாக்மில்லன் பிரவுன் மையம் 1996 முதல் இத்தகைய ஒன்றை நடத்திவந்திருக்கிறது. இவற்றைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளே என் நினைவில் எழுகின்றன.

வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டிக்கு மரமும் தகடும் ஏற்றி, பாடி கட்டி முடித்தபின் பெயின்டரின் முறை வரும். தாமரை, மயில், திருஷ்டிக்காக விழித்த கண்கள், உரிமையாளரின் குலதெய்வத்தின் பெயர். அளவுகோல் இல்லாமல் ஒரே இழுப்பில் நேர்கோடு போடும் கை அது. வண்டி வடகிழக்கு வரை போகிறது. வரைந்தவர் பட்டறையிலேயே இருக்கிறார். அவரை ஓவியர் என்று அழைக்க நமக்கு நா எழுவதில்லை. சேலத்தைச் சுற்றி வானளாவ அமர்ந்திருக்கும் முனியப்பன்களைச் செய்த கைகளுக்கும் இதே கதிதான். (கவிஞராக மட்டுமே நாம் அறிந்துவைத்திருக்கும் நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை அடிப்படையில் ஓர் ஓவியர் என்பதையும் இவ்வூர் வசதியாக மறந்துவிட்டது.)

இவர்களுக்கும் அத்தகைய அழைப்பு வரவேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அதற்குமுன் ஜன்கர் சிங் ஷியாமின் கதையை நாம் ஒருமுறை படித்தாக வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கர் என்ற கோண்டு கிராமத்துக்காரர் அவர். போபாலின் பாரத் பவனுக்கு ஜெ. சுவாமிநாதன் அவரை அழைத்துவந்தார். 1989இல் பாரிஸின் பொம்பிடு மையத்தில் நடந்த ‘பூமியின் மந்திரவாதிகள்’ கண்காட்சியில் அவரது ஓவியங்கள் இடம்பெற்றன. 2001இல் ஜப்பானின் நீகாட்டா மாநிலத்திலுள்ள மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். நாற்பதை ஒட்டிய வயது. ஊர் திரும்ப ஏங்கினார் என்றும், தங்கும் காலம் நீண்டுகொண்டே போயிற்று என்றும் அப்போது பேசப்பட்டது. இந்தியக் கலைஞர்கள் பலர் கண்டனம் எழுப்பினார்கள். ஒரு மனிதனின் முடிவுக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது தகாது. எனினும் மொழி தெரியாத ஊரில் ஒருவரைத் தனியே அமர்த்தி, வரை என்று சொல்வது எத்தனை கொடியதாகிவிடலாம் என்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அவருடைய உறவினரும் மாணவருமான பஜ்ஜு ஷியாம் 2002இல் லண்டனுக்குப் போனார். உணவகம் ஒன்றின் சுவர்களில் வரைவதற்கு, இரண்டு மாதப் பயணம். வேலை இன்னதென்றும் திரும்பும் காலம் எதுவென்றும் தெரிந்திருந்தது. அவர் கண்டவற்றைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் ‘லண்டன் ஜங்கிள் புக்’ என்ற நூலாக்கியது. பிக் பென் கடிகாரம் அதில் சேவலாகிறது, பாதாள ரயில் மண்புழுவாகிறது. இரவில் மதுக்கடை நாடும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள்! காட்சிப்பொருளாக அழைக்கப்படக்கூடிய ஒருவர் பார்ப்பவராக மாறிய விந்தை அது.

பசிபிக் கலைஞர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 1891இல் தாஹிதிக்குக் கப்பலேறிய கோகான் தீவுகளை ஐரோப்பாவுக்காக வரைந்து தள்ளினார். 2022 வெனிஸ் பியன்னாலேயில் நியூசிலாந்தின் சார்பில் பங்கேற்ற சமோவாக் கலைஞர் யூகி கிஹாரா, அந்த ஓவியங்களைச் சமோவாவின் ஃபாஃபாஃபினே மக்களைக் கொண்டே புகைப்படங்களாக மறுபடி நிகழ்த்திக் காட்டினார். அவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. ஆக்லாந்தில் இறங்கும் தீவுவாசிக்குத் தன் மொழி பேசும் தேவாலயம் இருக்கிறது. உண்ண தாரோக் கிழங்கும் (நம் சேப்பங்கிழங்குதான்) கிடைக்கிறது. நாமக்கல்காரருக்கு நீகாட்டாவில் யார் இருக்கிறார்கள்?

ஆகவே தனியாக அனுப்பக் கூடாது. பட்டறையின் கூட்டாளி ஒருவரும் உடன் போகவேண்டும். கடவுச்சீட்டு அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். இத்தனை படம் என்ற கணக்கு வேண்டாம். நினைத்த நாளில் கிளம்புவதற்கான பயணச்சீட்டு முன்கூட்டியே கையில் இருக்கவேண்டும். இவையெல்லாம் எழுதப்பட்ட ஒப்பந்தம் தமிழில் இருக்கவேண்டும், கையெழுத்திடுமுன் அவர் வீட்டுத் திண்ணையில் அது உரக்கப் படிக்கப்படவும் வேண்டும்.