சிறிய நாய், சத்தமில்லாத நாய்: ஒரு கரிசல்காட்டுக் கேள்வி

அருப்புக்கோட்டையில் புதிதாக வீடு கட்டிக் குடியேறுகிறவர்கள், பால் காய்ச்சிய சில மாதங்களிலேயே கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு. "சின்னதா, சத்தம் போடாததா ஒரு நாய் வளர்க்கணும் சார், எந்த ஜாதி நல்லது?" மூன்று சென்ட் மனை, பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், கணவன் மனைவி இருவருக்கும் வேலை, பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள். இந்த நிலையில் இருப்பவர்கள் இப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் இக்கேள்விக்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. சிறிய நாய் அமைதியானதாக இருக்கும் என்பது ஒன்று. அமைதி என்பது நாயின் இனத்தோடு பிறக்கும் குணம், அதைக் கடையில் தேர்ந்தெடுத்து வாங்கிவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டுமே பிழையானவை என்பது என் எண்ணம்.

முதல் அனுமானத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் பொமரேனியன் என்ற பெயரில் வளர்க்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை ஸ்பிட்ஸ் வகையைச் சேர்ந்தவை. அளவில் சிறியவை, ஆனால் தபால்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே குரைக்கத் தொடங்கிவிடும். மாறாக, உயர்ந்த கால்களும் ஒடுங்கிய வயிறும் கொண்ட வேட்டை நாய்கள் பல, வீட்டுக்குள் இருப்பதே தெரியாத அளவுக்கு அமைதியானவை. பிரிட்டனில் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாய்களை அடுக்குமாடிக் குடியிருப்புகளில்கூட வளர்க்கிறார்கள். அவை நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கின்றன. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அந்த வார்ப்பைச் சேர்ந்தவைதாம். ஆக, உருவத்தின் அளவுக்கும் குரலின் அளவுக்கும் நேரான உறவு கிடையாது.

அடுத்து, சிறிய நாய் என்றதும் நம்மவர்களின் நினைவுக்கு வருவது பக். 2003-ல் ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே நடந்துசென்ற அந்தச் சுருங்கிய முகத்தை மறந்தவர்கள் குறைவு. அந்த நிறுவனத்தின் பெயர் பின்னர் மாறிவிட்டது. ஆனால் விளம்பரம் விதைத்த ஆசை, மாநகரங்களில் தொடங்கி எங்கள் ஊர் வரை வந்து சேர்ந்துவிட்டது.

நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிது வியர்வை சுரக்கும், அவ்வளவே. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதுதான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முதன்மையான வழி. மூக்கின் உட்புறத்திலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. முகம் தட்டையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில், பக் நாயின் எலும்பு குறுகியது. உள்ளிருக்கும் தசை அந்த அளவுக்குக் குறுகவில்லை. குறுகிய நாசித் துவாரமும் தொண்டைக்குள் நீண்டு தொங்கும் மென் அண்ணமும் காற்றின் வழியை அடைக்கின்றன. அது விடும் குறட்டையைச் செல்லமான சத்தம் என்று நாம் ரசிக்கிறோம். அது மூச்சுக்கான போராட்டம். சத்தம் போடாது என்று நம்பி வாங்கப்படும் நாய், உறக்கத்திலும் சத்தமிட்டபடியே இருக்கிறது; அந்தச் சத்தத்தின் பொருள்தான் நமக்குப் புரியவில்லை.

திருச்சுழி வட்டாரத்தில் சித்திரை மாதத்து மதியவேளையை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குண்டாற்றின் மணல் காலைச் சுடும். சீமைக்கருவேல மரத்தடியில்கூட நிழல் முழுதாக விழாது. அந்த வெயிலில், மின்சாரம் நின்றுபோன காங்கிரீட் வீட்டில், தட்டை மூக்கு நாய் ஒன்றைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவது எத்தகைய செயல் என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். குளிர்நாடான நார்வேயில்கூட, கவேலியர் ஸ்பேனியல் என்னும் சிறிய, சாதுவான நாயினத்தை அதன் பரம்பரை நோய்களோடு தொடர்ந்து இனப்பெருக்கம் செய்வது விலங்குநலச் சட்டத்துக்கு முரணானது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அழகின் பெயரால் ஓர் உடலை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்பதே அங்கு எழுந்த கேள்வி. வெப்ப நாட்டில் வாழும் நாம் அதை இன்னும் உரக்கக் கேட்க வேண்டும்.

"அப்படியானால் நாட்டு நாய் வாங்குவோம்" என்று சிலர் உடனே சொல்வார்கள். 2005-ல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய்களின் அஞ்சல்தலை வரிசையில் ராஜபாளையம் இடம்பெற்றது. 2017-ன் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டினங்களின் மீது இளைஞர்களுக்குப் புதிய பற்று பிறந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய பெயர்களைச் சொன்னார். சு.தியடோர் பாஸ்கரன் 2017-ல் ஆங்கிலத்தில் எழுதிய இந்திய நாய்கள் பற்றிய நூலைப் படித்தவர்கள், எவ்வளவு இனங்களை நாம் கவனிக்காமல் இழந்திருக்கிறோம் என்று அறிவார்கள். இந்தப் பற்று நல்லது. ஆனால் பற்று மட்டும் நாயை வாழவைத்துவிடாது.

சிப்பிப்பாறையும் கன்னியும் ஏன் அப்படி உருவாயின? எங்கள் மாவட்டமும் அதன் தெற்கேயுள்ள பகுதிகளும் மரங்கள் குறைந்த, பார்வைக்குத் தடையில்லாத கரிசல்வெளி. அங்கே முயலைக் கண்ணால் கண்டு, ஓடிப் பிடிக்கும் நாய் தேவைப்பட்டது. நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, சதைப்பிடிப்பற்ற உடல் எல்லாம் அந்த ஓட்டத்துக்காகவே. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது. அது விதிக்க வேண்டிய தடைதான். ஆனால் அத்தோடு அந்த நாயின் தொழில் போயிற்று. வெட்டவெளிகளில் பலவும் சீமைக்கருவேலங்காடாகவோ வீட்டுமனைகளாகவோ மாறிவிட்டன. தொழிலும் வெளியும் போன பிறகும் ஓட்டம் அதன் உடலில் எஞ்சியிருக்கிறது. மூன்று சென்ட் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஆறடிச் சங்கிலியில் கட்டப்பட்ட சிப்பிப்பாறை, இனப்பெருமையின் சின்னமாக இருக்கலாம். நாயாக இருக்க முடியாது. நாள்தோறும் காலையும் மாலையும் அதை ஓடவிட இடமும் நேரமும் உள்ளவர்கள் வளர்க்கட்டும். மற்றவர்கள் வாங்குவது, தட்டை மூக்கு நாயை வாங்குவதைப் போன்ற ஒரு பிழையே. பெயர் மட்டும் தமிழ்ப்பெயர்.

மிஞ்சுவது யார்? கேள்வி கேட்டவரின் வீட்டு வாசலிலேயே படுத்திருக்கும் செவலைக் குட்டி. நம் பேச்சு வழக்கில் விலைகொடுத்து வாங்கியது "ஜாதி நாய்", மற்றது "தெருநாய்". பின்னது வசைச்சொல்லும்கூட. பிறப்பைக் கொண்டு மதிப்பிடும் நம் பழக்கம் நாயையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் இந்த வெயிலுக்கும் இந்தத் தண்ணீருக்கும் இந்தக் கம்பங்கூழுக்கும் பல தலைமுறைகளாகப் பழகித் தேறிய உடல் அதனுடையதுதான். குட்டை மயிர், நீண்ட மூக்கு, ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ எடை. மிகச் சிறியது என்று சொல்ல முடியாது. சிறிய வீட்டுக்குப் பொருந்தாதது என்றும் சொல்ல முடியாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிடக் கூடாது. தெருநாய்க்கடியும் வெறிநோயும் கற்பனையான அச்சங்கள் அல்ல. பள்ளி செல்லும் குழந்தையைக் கடித்த நாயைப் பற்றி அதன் தாயிடம் அழகியல் பேச எனக்கு மனமில்லை. 2023-ன் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்களைச் சமூக விலங்குகள் என்று குறிப்பிட்டு, கருத்தடை செய்து தடுப்பூசி போடும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் விட்டன. 2025-ல் உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து அவற்றை அகற்றச் சொன்னது. இந்தச் சிக்கலுக்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று கணக்காகவே தெரிகிறது. ஒரு வீடு ஒரு குட்டியை எடுத்து, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் பிறகு ஆண்டுதோறும் ஊசியும் போட்டு, உரிய வயதில் கருத்தடையும் செய்துவிட்டால், தெருவில் ஒரு நாயும் அதன் வழியாகப் பிறக்கவிருந்த பல நாய்களும் குறைகின்றன. விலைகொடுத்து வாங்கும் எந்த நாயாலும் இது நடக்காது.

சத்தத்துக்கு வருவோம். அருப்புக்கோட்டை நெசவாளர்களின் ஊர். விசைத்தறி ஓடும் தெருக்களில் தறிச்சத்தத்தைத் தாலாட்டாகக் கொண்டு குழந்தைகள் உறங்குகின்றன. கோயில் ஒலிபெருக்கியையும் நள்ளிரவுப் பேருந்தின் ஊதலையும் பொறுத்துக்கொள்ளும் நாம், நாயிடம் மட்டும் மௌனத்தை எதிர்பார்க்கிறோம். குரைப்பது நாயின் மொழி. ஓயாமல் குரைப்பது வேறு. அது பெரும்பாலும் தனிமையின், சங்கிலியின், சலிப்பின் குரல். நாள் முழுதும் கட்டிப்போட்டால் எந்த இனமும் குரைக்கும். வேளைக்கு நடத்திச் சென்று, வீட்டாரோடு இருக்கவிட்டால் பெரும்பாலான நாய்கள் தேவைக்கு மட்டும் குரைக்கும். அமைதியான நாய் என்பது வாங்கப்படுவது அல்ல, வளர்க்கப்படுவது. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்தப் பெயர் நிற்பதற்குக் காரணம் அது வாய்மூடி இராததுதான்.

எங்கள் பக்கத்துத் திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணர், விலங்குகளை "அது" என்று சுட்டாமல் "அவன்", "அவள்" என்றே பேசுவார் என்பதை அவருடன் வாழ்ந்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஜாக்கி என்னும் நாய்க்குத் திருவண்ணாமலை ஆசிரமத்தில் சமாதி இருக்கிறது. உவப்பினால் அஃறிணையை உயர்திணையாகச் சொல்வதை வழுவமைதி என்று நம் இலக்கணமும் ஏற்றுக்கொள்கிறது. வகுப்பில் இதை நடத்தும்போது மாணவர்கள் தேர்வுக்குரிய சொல்லாக எழுதிக்கொள்கிறார்கள். ஓர் உயிரை வீட்டுக்குள் அழைப்பதற்கு முன் படிக்க வேண்டிய பாடம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

எனவே எந்த இனம் என்று கேட்கும் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இவ்வளவுதான். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? அதிகாலையில் அரைமணி நேரம் நடத்திச் செல்ல யாருக்கு ஓய்வு உண்டு? கோடையில் நிழலும் நீரும் எங்கே வைப்பீர்கள்? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பிள்ளைகள் வெளியூர் போன பின், கண் மங்கிய கிழ நாயை யார் பார்த்துக்கொள்வார்கள்? நான்குக்கும் பதில் இருந்தால், ஐப்பசி மழையில் உங்கள் தெருவில் ஏதேனும் ஒரு குட்டி நனைந்துகொண்டிருக்கும்; அதை எடுத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால், வாசலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். இப்போதைக்கு அதுவே போதும்.