காலைப் பையை மட்டும் நம்பாதீர்கள்

ஒரு காலத்தில் பாலாற்று நீரைத் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பிய ஊர் பேத்தமங்களா. அது அமைந்த கோலார் மாவட்டத்தின் பல ஊர்களில் இன்று ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒருமுறை ஹீமோடயாலிசிஸ் செய்யவோ ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸில் அந்தத் தொல்லை இல்லை. திரவப் பை வீட்டுக்கே வந்துவிடும். 2019இல் பிரதமர் தேசிய டயாலிசிஸ் திட்டத்திலும் அதற்கு இடம் கிடைத்தது.

ஆனால் வடியும் திரவத்தோடு நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் வரை புரதமும் போகிறது. அதில் பெரும்பகுதி ஆல்புமின். நம்மில் பலர் இதை அளப்பதே இல்லை. ரத்த ஆல்புமினைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறோம். அழற்சியிலும் உடலில் நீர் தேங்கும்போதும்கூட அது இறங்கும். அதை மட்டும் வைத்து இழப்பைக் கணிக்க முடியாது.

அளப்பவர்களிலும் சிலர் காலையில் வடித்த பையிலிருந்து ஒரு மாதிரி எடுத்து, மொத்த லிட்டரால் பெருக்கிவிடுகிறார்கள். இரவு முழுதும் வயிற்றில் தங்கிய திரவத்தில் புரதம் செறிந்திருக்கும். கணக்குக்காக, காலைப் பையில் 2.3 லிட்டர், லிட்டருக்கு 1.2 கிராம் என்று கொள்வோம்; பகல் பைகள் மூன்றிலும் தலா 2.2 லிட்டர், லிட்டருக்கு 0.6 கிராம். உண்மையான இழப்பு 6.7 கிராம், காலைப் பைக் கணக்கோ 10.7 காட்டும். இப்படி வந்த எண்ணை வைத்துத்தான் உணவுத் திட்டம் எழுதுகிறோம்!

ஒருநாள் வடித்த எல்லாப் பைகளையும் சேர்த்தே அளக்க வேண்டும். அதற்காகத் தொலைவிலிருந்து வருபவர் அவற்றைச் சுமக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பையையும் தராசில் நிறுத்து, காலிப் பையின் எடையைக் கழித்து, நன்றாகக் குலுக்கி, லிட்டருக்கு 10 மில்லி வீதம் ஒரே குப்பியில் சேர்க்கச் சொல்லுங்கள். குப்பி ஃபிரிட்ஜில் இருக்கட்டும். சிறுநீர் வருபவருக்கு 24 மணி நேரச் சிறுநீரும் தனியே வேண்டும். ஆய்வகச் சீட்டில் ‘டயாலிசிஸ் வடிநீர்’ என்று எழுதுங்கள். ரத்தப் புரதத்துக்கான பையூரெட் முறை இவ்வளவு குறைந்த செறிவுக்கு உதவாது, சிறுநீர்ப் புரத முறையே பொருந்தும். வயிற்றுச் சவ்வு அழற்சி வந்திருந்தால், குணமாகி ஒரு மாதமாவது கழியட்டும். அழற்சியின்போது இழப்பு தாறுமாறாக ஏறியிருக்கும்.

கோலார்ப் பக்கத்துத் தட்டில் களிதான் முதன்மை. 100 கிராம் கேழ்வரகு மாவில் புரதம் 7 கிராம் அளவே. மேற்சொன்ன ஒருநாள் இழப்போடு அது சரியாகிவிடும். எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்ற இலக்கை எட்ட, முட்டையையோ மீனையோ அளவு குறிப்பிட்டு எழுத வேண்டும்.

வேலூருக்கும் பெங்களூருக்குமாக அலையும் இந்நோயாளிகளின் கோப்பில் அளந்த தேதி, லிட்டர், கிராம், ஆய்வு முறை நான்கையும் எழுதி அனுப்புங்கள்.