உடன்படிக்கை இருக்கிறது, பயன் யாருக்கு?

சுதந்திர வர்த்தக உடன்படிக்கை என்றதும், அது பெரிய கம்பனிகளின் விவகாரம் என்று நம் வியாபாரிகளில் பலர் ஒதுங்கி விடுகின்றனர். அப்படி ஒதுங்குவது நமக்கே நட்டம் என்பது எனது கருத்து.

இந்தியாவுடனான உடன்படிக்கை 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி, 2000 மார்ச் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பாகிஸ்தானுடனான உடன்படிக்கை 2005 ஜூனிலும் சிங்கப்பூருடனானது 2018 மே மாதத்திலும் அமுலுக்கு வந்தன. 2024 பெப்ரவரியில் தாய்லாந்துடனும் கைச்சாத்திடப்பட்டது.

ஆனால் உடன்படிக்கை இருப்பதால் மட்டும் ஒரு மூட்டைக்கேனும் தீர்வைச் சலுகை கிடைத்துவிடாது. சரக்கு இலங்கையில் உற்பத்தியானது என்பதற்கு வர்த்தகத் திணைக்களத்தின் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டு மூலப்பொருள் கலந்திருந்தால், இந்திய உடன்படிக்கையின் பொது விதிப்படி, ஏற்றுமதி விலையில் 35 சதவீதமாவது உள்நாட்டில் சேர்ந்த பெறுமதியாக இருக்க வேண்டும்.

இந்த விதியின் ஓரத்தில் நின்று சம்பாதித்தவர்களும் உண்டு. வெளியிலிருந்து மலிவாக இறக்கிய பாம் எண்ணெய் இங்கே வனஸ்பதியாகி இந்தியாவுக்குப் போனது. இரு நாட்டுத் தீர்வைகளுக்கிடையிலான வித்தியாசமே அதன் இலாபம். 2008இல் இந்தியா சமையல் எண்ணெய்த் தீர்வையை வெட்டியதும் அந்த இலாபத்தின் அடித்தளமே ஆட்டம் கண்டது.

மிளகில் கிடைத்த பாடம் இன்னும் காரமானது. வியட்நாம் மிளகு இலங்கைப் பெயரில் வந்திறங்குகிறது என்று இந்திய விவசாயிகள் முறையிட்டனர். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபா என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது. தவறு செய்தவர்கள் சிலர். அடி விழுந்ததோ மாத்தளை, கண்டி மிளகுச் செய்கையாளர்களுக்கும் நேர்மையாக வாங்கி விற்றவர்களுக்கும்.

உடன்படிக்கைகளால் உள்ளூர் உற்பத்தி நசியும் என்போரின் அச்சத்தை நான் புறந்தள்ளவில்லை. அதற்காகத்தான் சலுகை வழங்கப்படாத பொருட்களின் பட்டியல் ஒவ்வொரு உடன்படிக்கையிலும் பேரம் பேசப்படுகிறது. அந்தப் பேரத்தின்போது சிறு வியாபாரியின் குரல் அங்கே ஒலிக்கிறதா என்பதே என் கேள்வி.

எனவே நமது வர்த்தக சங்கங்கள் இரண்டு காரியங்களைச் செய்யலாம். எந்தப் பொருளுக்கு என்ன சலுகை, எவ்வளவு கோட்டா, என்னென்ன ஆவணங்கள் என்பதை எளிய தமிழில் அச்சிட்டுக் கடை கடையாகக் கொடுக்கலாம். பொய்ச் சரக்குக்குச் சான்றிதழ் தேடுவோரைத் தம் அங்கத்தவர் என்பதற்காகக் காப்பாற்றாதிருக்கலாம். ஒருவரின் குறுக்குவழி, நூறு பேரின் சந்தையை அடைத்துவிடும்.