காத்திருந்த நேரத்துக்குக் கூலி உண்டா?

வரதய்யபாளையத்தில் ஒரு தேநீர்க் கடை வாசலில் அந்த இளைஞரைச் சந்தித்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். அவருடைய இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் கட்டியிருந்த பெரிய பை காலியாக இருந்தது. இணைய வணிக நிறுவனம் ஒன்றின் பார்சல்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. சரக்கு வண்டி வந்து, பார்சல்கள் தெருவாரியாகப் பிரிக்கப்பட்ட பிறகே அவர் புறப்பட முடியும். ஏழரை மணிக்கே வந்துவிட்டதாகச் சொன்னார். பிந்தி வந்தால் பக்கத்துத் தெருக்களின் பார்சல்களை மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிடுவார்கள். தொலைவில் உள்ள கிராமங்கள்தான் மிஞ்சும். “இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஏதாவது உண்டா?” என்று கேட்டேன். “பார்சல் கை மாறினாத்தான் காசு, அண்ணா. சும்மா நிக்கிறதுக்கு யாரு குடுப்பாங்க?” என்றார். இப்படியும் ஒருவன் கேட்பானா என்ற வியப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

கிக் தொழிலாளர் தொடர்பான சட்டங்களைச் சில காலமாகப் படித்து வருகிறேன். மாநிலச் சட்டங்கள், மத்தியச் சட்டத் தொகுப்பு, அயல்நாட்டுத் தீர்ப்புகள் என்று எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அந்த இளைஞர் கேட்ட கேள்விதான். நம் நாட்டில் நடக்கும் விவாதமோ பெரும்பாலும் காப்பீடு, நல வாரியம், அடையாள அட்டை ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. அவை வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூலியைப் பற்றிப் பேசாமல் நலத்தைப் பற்றி மட்டும் பேசுவது நிறுவனங்களுக்கு மிகவும் வசதியான ஏற்பாடு.

வரதய்யபாளையத்தைத் தமிழ்நாட்டு நண்பர்கள் பலர் உப்பலமடுகு அருவிக்குப் போகும் வழியாக அறிந்திருப்பார்கள். நாம் தடா அருவி என்று சொல்வது அதைத்தான். 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்படும்வரை சித்தூரில் இருந்த மண்டலம், இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 2008 முதல் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களின் நிலத்தில் ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம் வளர்ந்தது. இசுசு, ஆல்ஸ்டாம், டைக்கின், மாண்டெலீஸ் எனப் பல நிறுவனங்களின் ஆலைகள் அங்கே ஓடுகின்றன. மாதச் சம்பளம் வந்த கைகளுக்குக் கைப்பேசியில் கடை திறந்தது. ஆனால் பார்சல் வரும் பகல் வேளையில் அதை வாங்கியவர் ஷிப்டில் இருப்பார், வீடு பூட்டியிருக்கும், அழைத்தாலும் எடுக்கமாட்டார். பூட்டிய வீட்டுக்குப் போய்த் திரும்பிய பயணத்துக்குக் கூலி இல்லை. மறுநாள் அதே பார்சலோடு மீண்டும் போக வேண்டும். பெட்ரோலும் அவருடையது, வண்டியின் தவணையும் அவருடையது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை. கவனிக்க வேண்டியது விகிதத்தை. ஒரு பார்சலுக்கு 15 ரூபாய், நாளுக்கு 40 பார்சல்கள் கை மாறுகின்றன என்றால் 600 ரூபாய். எரிபொருளுக்கும் வண்டித் தேய்மானத்துக்கும் 180 ரூபாய் கழித்தால் கையில் 420. பார்சல் கை மாறிய பயணங்களுக்கு மட்டும் ஆன நேரம் 6 மணி என்று வைத்தால் மணிக்கு 70 ரூபாய் வருகிறது. சரக்கு வண்டிக்காக நின்ற 2 மணியையும் பூட்டிய வீடுகளுக்கு அலைந்த 2 மணியையும் சேர்த்தால் மொத்தம் 10 மணி. அப்போது மணிக்கு 42 ரூபாய். அதே மனிதர், அதே நாள், அதே வருமானம். எது வேலை நேரம் என்ற வரையறையை மாற்றியதும் கூலி விகிதம் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு வித்தையைச் சட்டமாகவே ஆக்கிய இடம் கலிபோர்னியா. அங்கே 2020 நவம்பரில் ‘முன்மொழிவு 22’ மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதை நிறைவேற்றச் செயலி நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. மேலோட்டமாகப் பார்த்தால் அது தாராளமான சட்டம்: உள்ளூர்க் குறைந்தபட்சக் கூலியில் 120 விழுக்காடு வருமான உத்தரவாதம், தொடக்கத்தில் மைலுக்கு 30 சென்ட் என்றிருந்த வண்டிச் செலவு, வாரம் சராசரியாக 15 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவருக்கு மருத்துவக் காப்பீட்டு உதவித்தொகை, பணியிட விபத்துக் காப்பீடு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றை அளக்கும் முழக்கோல் ‘ஈடுபட்ட நேரம்’. ஆர்டரை ஏற்ற நொடியில் தொடங்கி அதைச் சேர்ப்பித்த நொடியில் முடிவது அது. அடுத்த ஆர்டருக்காக உணவகத்தின் வாசலில் நின்ற நேரம் கணக்கில் இல்லை. 120 விழுக்காடு என்பது முழு நாளுக்கு விரித்துப் பார்த்தால் 100-க்கும் கீழே போய்விடக் கூடும். 2024 ஜூலை 25 அன்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இங்கிலாந்தில் வேறு பார்வை. 2021 பிப்ரவரி 19 அன்று ஊபர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஓட்டுநர் தம் பகுதியில் செயலியைத் திறந்து வைத்துப் பயணத்தை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. ஒரே தொழில், ஒரே செயலி. கடலுக்கு இந்தப் பக்கம் காத்திருப்பு வேலை, அந்தப் பக்கம் ஓய்வு.

நம் நாட்டில் கதை இதற்கும் முந்திய கட்டத்தில் நிற்கிறது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளரை வரையறுக்கும்போதே, மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைத்து ஈட்டுபவர் என்கிறது. அந்த ஒரு தொடரால் அவர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறார். அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடுவரை நிதிக்குச் செலுத்த வேண்டும். ஆனால் அத்தொகை தொழிலாளர்களுக்குக் கொடுத்ததில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மாதம் 15,000 ரூபாய் பெறும் ஒருவருக்காக நிறுவனம் தர வேண்டியது அதிகபட்சம் 750 ரூபாய் என்று இதற்குப் பொருள். அதுவும் நேரே அவர் கைக்கு வராது.

2025 டிசம்பர் 30 அன்று வெளியான வரைவு விதிகள் இதில் இன்னொரு நுணுக்கத்தைச் சேர்த்தன. ஒரே நிறுவனத்தில் ஆண்டுக்கு 90 நாள், பல நிறுவனங்களில் என்றால் 120 நாள் வேலை செய்திருந்தால்தான் பலன்களுக்குத் தகுதி. எவ்வளவு சிறிய தொகை ஈட்டினாலும் அது ஒரு நாளாகக் கணக்கிடப்படும் என்கிறது வரைவு. நல்லதுதான். ஆனால் நாள் முழுதும் செயலியைத் திறந்து வைத்திருந்தும் ஒரு ஆர்டரும் வராதவருக்கு அது நாளே இல்லை. காத்திருப்பு கூலிக் கணக்கில் மட்டுமன்றி நாள் கணக்கிலும் காணாமற்போகிறது.

மாநிலங்களில் முதலில் முந்திக்கொண்டது ராஜஸ்தான், 2023 ஜூலையில். ஆட்சி மாறியபின் அச்சட்டத்துக்கான விதிகள் நெடுநாள் வெளிவரவில்லை. 2025இல் கர்நாடகம், பீகார், ஜார்க்கண்ட் ஆகியவை தத்தம் சட்டங்களை நிறைவேற்றின. இவற்றில் கர்நாடகச் சட்டம் ஓரளவு உறுதியானது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடுவரை நலக் கட்டணம். காரணத்தை எழுதிக் கொடுத்து 14 நாள் அவகாசம் தராமல் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு. வாரம் ஒருமுறையாவது பணம் பட்டுவாடா செய்ய வேண்டும் என்ற கடமை. காலை எழுந்து பார்த்தால் ஐடி முடக்கப்பட்டிருக்கும் என்ற அச்சத்தோடு வாழ்பவர்களுக்கு இந்த 14 நாள் பெரிய ஆறுதல். ஆனால் எப்போது கொடுக்க வேண்டும் என்று சொன்ன சட்டம், எவ்வளவுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்தபடி கிக் தொழிலாளருக்கென நல வாரியம் அமைந்தது. 2025–26 நிதிநிலை அறிக்கையில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. சென்னையில் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகள் வந்தன. அவற்றைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மே மாத வெயிலில் தார்ச்சாலையில் நின்றவர்களுக்கு அந்த அறையின் அருமை தெரியும். எனினும் ஒன்றைக் கவனியுங்கள். ஓய்வறை கட்டுவது என்பதே, இவர்கள் நாளில் பெரும்பொழுது காத்திருக்கிறார்கள் என்பதை அரசு ஒப்புக்கொள்வதுதான். இருக்கைக்கு மாநகராட்சி செலவழிக்கிறது. அந்த இருக்கையில் கழியும் நேரத்தால் பயன்பெறும் நிறுவனம் எதுவும் தருவதில்லை. இத்தனைக்கும் அந்த வாரியம் எந்தச் சட்டத்தின்கீழ் அமைந்ததோ, அந்த 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே உடல் உழைப்புத் தொழிலாளரின் ‘வேலை ஒழுங்குமுறை’யும் ‘பணி நிலைமைகளும்’ இருக்கின்றன.

காத்திருப்புக்குக் கூலி கேட்பது நடவாத காரியம் என்பவர்களுக்குச் சென்னைத் துறைமுகத்தைக் காட்டுகிறேன். வரதய்யபாளையத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவுதான். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்பதுதான் ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளரின் நிலை. காலையில் வாசலில் கூடுவார்கள், கங்காணி கைகாட்டியவர்கள் உள்ளே போவார்கள், மற்றவர்கள் திரும்புவார்கள். கைகாட்டும் கங்காணியின் இடத்தில் இன்று செயலி இருக்கிறது, அவ்வளவே. 1931இல் தொழிலாளர் குறித்த அரச ஆணையம் இந்த நிலையை மாற்றப் பரிந்துரைத்தது. 1948இல் துறைமுகத் தொழிலாளர் (வேலை ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. வேலைக்குத் தயாராக இருந்தும் வேலை கிடைக்காத காலத்துக்கு, பதிவுபெற்ற தொழிலாளருக்குக் குறைந்தபட்ச ஊதியம் அளிக்கும் திட்டங்களை வகுக்கலாம் என்று அச்சட்டம் வெளிப்படையாகவே சொன்னது. அதன்படி பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் 1950களில் திட்டங்கள் வந்தன; அரசும் கப்பல் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சேர்ந்து அமர்ந்த வாரியங்கள் அவற்றை நடத்தின. ஒரே முதலாளி இல்லாத தொழில், இன்று ஒரு கப்பல் நாளை வேறு கப்பல், முன்கூட்டித் தெரியாத வேலை அளவு என்று இன்றைய செயலித் தொழிலுக்குச் சொல்லப்படும் சாக்குகள் எல்லாம் அன்றும் பொருந்தின. தயாராக இருப்பதும் ஒரு சேவை, அதற்கு விலை உண்டு என்பதை, குடியரசாகும் முன்பே இந்த நாடு சட்டத்தில் எழுதிவிட்டது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நியூயார்க் நகரம் 2023 டிசம்பரில் உணவு கொண்டு செல்வோருக்கு மணிக்கு 17.96 டாலர் என்று குறைந்தபட்ச ஊதியம் விதித்தது. காத்திருக்கும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும். 2025 ஏப்ரலில் அது 21.44 டாலராயிற்று. நிறுவனங்கள் என்ன செய்தன? ஆர்டர் குறைவான வேளைகளில் தொழிலாளர் செயலிக்குள் நுழைவதையே கட்டுப்படுத்தின. காத்திருப்புக்கு விலை வைத்ததும், காத்திருக்கக்கூட இடமில்லாமற் போனவர்கள் உண்டு. துறைமுகத் திட்டத்திலும் இந்தச் சிக்கல் இருந்தது: உத்தரவாதம் பதிவுபெற்றவர்களுக்கு மட்டும், பதிவேடோ வரம்புக்குட்பட்டது. இன்று எந்த நேரத்திலும் யாரும் நுழையலாம் என்ற நிலை, வேறு வேலை கிடைக்காதவருக்கு உண்மையிலேயே ஒரு கதவு. கூலி உத்தரவாதம் அந்தக் கதவை ஓரளவு சாத்தும். இருந்தும் நான் உத்தரவாதத்தின் பக்கமே நிற்கிறேன். யாரை, எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதை இப்போதும் நிறுவனம் முடிவு செய்துகொண்டுதான் இருக்கிறது. கணக்கு மட்டும் வெளியே தெரிவதில்லை. முத்தரப்பு வாரியம் ஒன்றில் அது வெளிப்படையாக நடந்தால் கேள்வி கேட்கவாவது முடியும்.

நேரத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு நான் அதிக இடம் தரப்போவதில்லை. ஒரு பார்சல் எந்தத் தெருமுனையில் திரும்புகிறது என்பதை வாங்கியவரின் கைப்பேசிக்குக் காட்டும் செயலிக்கு, அதைச் சுமப்பவர் எத்தனை மணிக்கு வந்து நின்றார் என்பது தெரியாதா?

இனி எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல். 1960இல் ஆந்திர–சென்னை எல்லை மாற்றி வரையப்பட்டபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போயிற்று. வீடுகளும் உறவுகளும் அந்தக் கோட்டுக்கு ஏற்ப நகர்ந்துவிடவில்லை. இன்றும் தடா, ஆரம்பாக்கம், ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திரப் பதிவெண் வண்டிகளும் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளும் இருபுறமும் போய்வருகின்றன. நான் மேலே அடுக்கிய மாநிலங்களின் வரிசையில், இதை எழுதும் நாள்வரை, ஆந்திரத்தின் பெயர் இல்லை. கும்மிடிப்பூண்டியில் வசித்துக்கொண்டு ஸ்ரீசிட்டிக்குள் பார்சல் கொண்டு போகிறவர் எந்த வாரியத்தில் பதிவது? வரதய்யபாளையத்திலிருந்து சென்னைக்குப் போய் அறை எடுத்துத் தங்கி உணவு சுமக்கிறவர் விபத்தில் சிக்கினால் எந்த அரசின் கதவைத் தட்டுவது? வசிப்பிடத்தைப் பார்க்காமல் வேலை நடந்த இடத்தைக் கொண்டு உரிமையைத் தீர்மானிப்பதும், இரு மாநிலங்களும் ஒன்று மற்றொன்றின் பதிவை ஏற்பதும்தான் இதற்கு வழி. இல்லாவிட்டால் எட்டுக் கிலோமீட்டர் தள்ளிப் போனதும் உரிமை உதிர்ந்துவிடும்.

ஆந்திர அரசு ஒரு வரைவைக் கொண்டுவருமானால் காப்பீட்டுத் தொகை எத்தனை இலட்சம் என்பதை நான் பிறகு பார்த்துக்கொள்வேன். ‘வேலை நேரம்’ என்ற சொல்லுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது, பூட்டிய வீட்டுக்குப் போய்வந்த பயணம் அதற்குள் வருகிறதா என்பதைத்தான் முதலில் தேடுவேன்.

இதைப் படிக்கும் நண்பர்களில் ஸ்ரீசிட்டி, தடா, சத்தியவேடு, கும்மிடிப்பூண்டிப் பகுதியில் இந்த வேலை செய்கிறவர்கள் இருந்தால், அல்லது அவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தால், ஒரு சிறு உதவி. ஒரு வாரத்துக்கு மட்டும், வந்து நின்ற நேரம், முதல் பார்சல் கைக்கு வந்த நேரம், ஆளில்லாமல் திரும்பிய வீடுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெயரோ நிறுவனத்தின் பெயரோ வேண்டாம். தெலுங்கில் எழுதினாலும் சரி.