கழற்றும் முன் கண்டுபிடிப்போம்!



ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எவ்வளவு வேகம், எத்தனை குதிரைத்திறன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அதே கார் ஆறு மாதம் ஷெட்டில் நின்றுவிட்டு வெளியே வந்தால் பிரேக் பிடிக்குமா என்று யாராவது கேட்டிருக்கிறோமா? 1953-இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் ஜெயித்ததற்கு அதன் டிஸ்க் பிரேக் ஒரு பெரிய காரணம். நிற்கத் தெரிந்த வண்டிதான் வேகமாக ஓட முடியும்.

எங்க ஊர் ஜெகதாப்பட்டினத்தில் இந்தக் கேள்வி வருஷா வருஷம் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்க, மீன் ஏற்றும் வண்டிகளும் உப்புக்காற்றில் நிற்கும். தடை முடிந்து சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஓடும். பிரேக்தான் சண்டித்தனம் பண்ணும். கோடி ரூபாய் காருக்கும் மீன் வண்டிக்கும் இதில் பேதம் கிடையாது. பாஸ்கல் விதியும் ஒன்றுதான், துருவும் ஒன்றுதான்.

என் கருத்து இதுதான்: பழுது எதுவென்று தெரியாமல் ஒரு சாமானையும் மாற்றக்கூடாது. போன வருஷம் எங்கப்பா வண்டியில் முன்சக்கரம் ஒன்று பிடித்துக்கொண்டது. ஒரு ஷெட்டில் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார்கள். சரியாகவில்லை. காலிப்பரை மாற்றினார்கள். அப்பவும் சரியாகவில்லை. கடைசியில் பார்த்தால், ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கிறது! வட்டிக்கு வாங்கிய காசு போனது போனதுதான்.

இதைக் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடிக்கலாம். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி ஏற்றி, சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பிளீடர் நிப்பிளைத் தளர்த்துங்கள். அப்பவும் சுற்றவில்லையா? பிஸ்டனோ, ஸ்லைடு பின்னோ, பேடோ துருவில் மாட்டியிருக்கிறது. சுற்றுகிறதா? ஆயில் திரும்பாமல் அழுத்தம் உள்ளேயே நிற்கிறது. நிப்பிளை மூடி, பெடலை மிதித்து, இந்த முறை ஹோஸின் மேல்முனையைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடாவிட்டால் ஹோஸ்தான். முடித்ததும் ஏர் எடுக்க மறக்காதீர்கள்.

பெடலும் பேசும். பஞ்சு போல் அமுங்கினால் உள்ளே காற்று. மிதித்த காலின் கீழே மெல்ல மெல்ல இறங்கி, வெளியில் கசிவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர். கல் மாதிரி இருந்தால் வேக்கூம் பூஸ்டரைப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி ஈரம். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை தரப்படி குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் தரம் கேட்பது 155 தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. அந்தச் சூட்டில் ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். அப்புறம் கடவுள்தான் காப்பாற்றணும்!

ஷெட்டில் இருக்கும் அண்ணன்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் கைக்கு இருக்கும் அனுபவம் நமக்கு இன்னும் வரவில்லை. ஆனால் 'ஏன்?' என்று கேட்டு ஒவ்வொன்றாய்ச் சோதிக்க நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் டிப்ளமோ சுவரில் மாட்டத்தான் என்றால் அப்பா கட்டும் வட்டிக்கு என்ன அர்த்தம்?

ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். தடைக்காலம் முடிகிற வாரத்தில், நம் ஆசிரியர்கள் மேற்பார்வையில், கடலோர ஊர்களில் இலவச பிரேக் சோதனை முகாம் நடத்துவோம். வண்டியை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை மாதக்கணக்கில் இழுத்துவைக்காமல், கியரில் போட்டுக் கட்டை கொடுக்கச் சொல்லுவோம். நாம் படித்தது நாலு பேர் உயிரைக் காக்கட்டும். என்ன சொல்றீங்க நண்பர்களே?

- ஆட்டோமொபைல் பிரிவு மாணவன், ஜெகதாப்பட்டினம்