மனம் நொந்த பிள்ளைக்குப் பட்டப்பெயரா மருந்து?



ஆகஸ்டு 6 நாம் மறக்கக் கூடாத நாள். 2001-ஆம் ஆண்டு அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிச் சிக்கினார்கள். 28 பேர் மாண்டார்கள். 2020-இல் அதே நாள் இரவு, இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளுமாக 70 பேரைப் பறிகொடுத்தோம்.

இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

பெற்றவர்களை மண்ணுக்குக் கொடுத்த குழந்தை மழைச் சத்தம் கேட்டாலே நடுங்கும். தூக்கத்தில் அலறும், பள்ளிக்குப் போக மறுக்கும், பேச்சைக்கூட நிறுத்திவிடும். மண்சரிவுதான் வேண்டுமென்பதில்லை. குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன், வெளியே சொல்ல முடியாதபடி இழைக்கப்பட்ட கொடுமை, எதுவானாலும் பிஞ்சு மனத்தைப் புண்ணாக்கும். அடிபட்ட கால் வீங்குகிறது. அடிபட்ட மனம் நோகிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் எலப்புள்ளியானாலும் மூணாறானாலும் அந்தக் குழந்தைக்கு முதலில் கிடைப்பது மருந்தல்ல, பட்டப்பெயர்! "கிறுக்கு", "பேய் பிடிச்சது" என்ற ஏச்சு. பெண் பிள்ளையென்றால் கலியாணம் நின்றுபோகுமென்று வீட்டார் மறைக்கிறார்கள். மறைத்த நோய் முற்றுகிறது. பிறகு மந்திரம், தாயத்து, கடைசியில் சங்கிலி. ஏர்வாடிக்குப் போகும் பாதை இந்த முதல் ஏச்சில்தான் தொடங்குகிறது.

ஏழைத் தாயை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய அவளால் முடியுமா? மலையாளத்தில் கேட்கும் டாக்டரிடம் தமிழ்க் குழந்தை தன் வேதனையை எப்படிச் சொல்லும்? எல்லைப்புற அரசு ஆஸ்பத்திரிகளிலும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலும் தமிழறிந்த மனநல ஆலோசகரை நியமிக்க வேண்டும். இது பிச்சையல்ல, உரிமை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. அரசு செலவில் நடக்கும் மனநலச் சிகிச்சையை எல்லோருக்கும் உரிமையாக்குகிறது.

14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098. இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லயமே கூடி விசாரிக்கிறது. மனம் நொந்த பிள்ளையையும் அப்படியே விசாரிப்போம். ஏச்சை நிறுத்துவோம், சிகிச்சையைக் கேட்டு வாங்குவோம்!